பொறியியல் படிப்பைத் தேர்ந்தெடுத்தல்: என்பிஏ அங்கீகாரத்தை எவ்வளவு பொருட்படுத்த வேண்டும்?

பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுத் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். என் அக்கா மகனின் சேர்க்கை வேலைகள் முழுவதும் என் பொறுப்பில் வந்தபோது, கட்-ஆஃப், தரவரிசை, இணையப் பதிவு ஆகியவற்றை விளக்கப் பலர் இருந்தார்கள். ஆனால், ‘இந்தப் பாடப்பிரிவுக்கு என்பிஏ அங்கீகாரம் இருக்கிறதா, இருந்தால் அதனால் இவனுக்கு என்ன பயன்’ என்ற கேள்விக்கு நேரான விடை சொல்ல ஒருவரும் அகப்படவில்லை. என்பிஏ என்பது பாடப்பிரிவுகளின் தரத்தை ஆராய்ந்து அங்கீகாரம் தரும் வாரியம். கல்லூரிகளில் கேட்டால் பெருமை பேசினார்கள். படித்து முடித்தவர்களைக் கேட்டால் உதட்டைப் பிதுக்கினார்கள். தேடித் தெரிந்துகொண்டவற்றை வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே கீழே தருகிறேன்.

1. எங்கே வேலை பார்ப்பது என்பதை முதலில் வீட்டில் பேசுங்கள்

பதினேழு வயதில் இதற்கு உறுதியான விடை இருக்காது என்பது உண்மைதான். ஆனாலும் தோராயமான ஒரு திசையாவது தெரிந்தால்தான் அங்கீகாரத்துக்கு எவ்வளவு மதிப்பெண் போடலாம் என்று முடிவு செய்ய முடியும்.

இந்தியாவுக்குள்ளேயே வேலை என்றால், என்பிஏ அங்கீகாரம் இல்லாத பட்டத்தால் அடைபடும் கதவுகள் மிகக் குறைவு. முதுநிலைப் பொறியியல் படிப்புக்கான கேட் தேர்வு எழுதவும், டிஎன்பிஎஸ்சி பொறியியல் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்கவும், முறையாக அனுமதி பெற்ற கல்லூரியில் படித்து அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம் இருந்தால் போதும். வளாக நேர்காணலுக்கு வரும் மென்பொருள் நிறுவனங்கள் உங்கள் மதிப்பெண்ணையும் அரியர் நிலவரத்தையும் கேட்குமே தவிர, துறையின் அங்கீகாரக் கடிதத்தைக் கேட்பதில்லை.

வெளிநாட்டுக் கனவு இருந்தால் கணக்கு மாறுகிறது. குவைத்தில் பொறியாளர் என்ற பதவிப் பெயரில் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க, அந்நாட்டுப் பொறியாளர் சங்கத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்ற விதி 2018இல் வந்தது. இந்தியப் பட்டங்களை எடைபோட அந்தச் சங்கம் என்பிஏ பட்டியலையே அளவுகோலாக வைத்துக்கொண்டதால், ஆண்டுக்கணக்கில் அங்கே பொறியாளராக வேலை பார்த்தவர்கள்கூடத் தாங்கள் படித்த காலத்தில் தங்கள் துறைக்கு அங்கீகாரம் இல்லை என்ற காரணத்தால் தவித்தார்கள். இந்திய அரசு பேச்சுவார்த்தை நடத்தும் அளவுக்கு அது போனது. எங்கள் பக்கத்து ஊர்களில் வளைகுடாவை நம்பி மெக்கானிக்கல், சிவில் எடுக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போக வேண்டாம்.

ஆஸ்திரேலியாவுக்குப் பொறியாளராகக் குடிபெயர விரும்புபவர்களின் பட்டத்தை மதிப்பிடும் ‘எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா’ அமைப்பிலும் இந்த வேறுபாடு உண்டு. பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்பதற்காகப் பல நாடுகளின் அங்கீகார அமைப்புகள் செய்துகொண்ட வாஷிங்டன் உடன்படிக்கைக்கு உட்பட்ட பட்டம் என்றால் பட்டச் சான்றும் மதிப்பெண் பட்டியலும் கொண்டு எளிய வழியில் விண்ணப்பிக்கலாம். அவ்வாறு இல்லையென்றால், உங்கள் பணி அனுபவத்தை மூன்று நீண்ட கட்டுரைகளாக எழுதி, அவற்றுக்கு ஒரு சுருக்க அறிக்கையும் சேர்த்து, திறனை நிறுவ வேண்டும். பட்டம் வீணாகிவிடாது, ஆனால் வேலையும் காத்திருப்பும் கூடும்.

2. பாடப்பிரிவை அங்கீகாரத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள்

விருப்பமில்லாத துறையில் ஆறாண்டு அங்கீகாரம் இருந்து பயனில்லை. ஆகவே முதலில் துறை, அதன் பிறகு கல்லூரி, அதன் பிறகே அங்கீகாரம் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

அரசுப் பணியோ பொதுத்துறை நிறுவனமோ உங்கள் எண்ணத்தில் இருந்தால், பட்டத்தின் பெயர் எவ்வளவு அகலமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ், கணினி அறிவியல் ஆகிய பெயர்கள் பல அறிவிக்கைகளில் இடம்பெறும். ரோபோட்டிக்ஸ், மெக்கட்ரானிக்ஸ் போன்ற குறுகிய பெயர்களில் பட்டம் பெற்றவர்கள், ‘என் பட்டம் இன்ன பட்டத்துக்கு இணையானது’ என்று காட்ட இணைத்தன்மை அரசாணையைத் தேடி அலைய வேண்டிவரும். பி.இ. உயர்ந்ததா பி.டெக். உயர்ந்ததா என்று சொந்தக்காரர்கள் விவாதம் கிளப்பினால் அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே.

3. நான்கு முத்திரைகளைத் தனித்தனியே பிரித்துப் பாருங்கள்

கல்லூரிகளின் கையேடுகளில் ஏஐசிடிஇ, அண்ணா பல்கலைக்கழகம், நாக், என்பிஏ ஆகிய நான்கும் ஒரே வரியில் ‘அங்கீகாரம் பெற்றது’ என்ற சொல்லுக்குள் அடைக்கப்பட்டிருக்கும். இந்த வரிதான் பெற்றோரை அதிகம் குழப்புகிறது.

ஏஐசிடிஇ தருவது, பொறியியல் கல்லூரி நடத்துவதற்கான அனுமதி. அது இல்லாத கல்லூரியின் பக்கம் தலைவைத்துப் படுக்கவே கூடாது. பல்கலைக்கழக இணைவு என்பது, பட்டம் யார் பெயரில் வரும் என்பதைச் சொல்கிறது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட நாக் அமைப்பு, கல்லூரியை ஒட்டுமொத்த நிறுவனமாக மதிப்பிட்டு ஏ++, ஏ+ என்றெல்லாம் தரக்குறியீடு வழங்குகிறது. அந்தக் குறியீடு எந்தத் தனித்துறைக்கும் உரியதன்று. தேசிய அங்கீகார வாரியம் எனப்படும் என்பிஏ மட்டுமே ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனியே ஆராய்ந்து, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அங்கீகாரம் தருகிறது. ஆகவே, ‘எங்கள் கல்லூரி என்பிஏ பெற்றது’ என்ற கூற்றே அரைகுறையானது. எந்தத் துறை, எந்தத் தேதி வரை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. என்ஐஆர்எஃப் என்பது மத்திய அரசு வெளியிடும் கல்லூரித் தரவரிசை மட்டுமே. அங்கீகாரத்தோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

4. என்பிஏ நிலையை நீங்களே சரிபாருங்கள்

நான் பார்க்கச் சென்ற கல்லூரி ஒன்றின் வரவேற்பறையில், நுழைந்தவுடன் கண்ணில் படும் உயரத்தில், தங்கநிறச் சட்டமிட்ட என்பிஏ சான்றிதழ் மாட்டியிருந்தது. அருகில் சென்று கீழ் வரிகளைப் படித்தபோது, அதன் காலம் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ‘புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறோம்’ என்றார் அங்கிருந்த அலுவலர். விண்ணப்பித்திருப்பது அங்கீகாரமாகாது.

என்பிஏ இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளின் பட்டியல் மாநிலவாரியாகக் கிடைக்கிறது, கட்டணம் இல்லை. அதில் கல்லூரியின் முழுப் பெயரையும் ஊரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே அறக்கட்டளை ஏறத்தாழ ஒரே பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகளை நடத்துவது நம் மாநிலத்தில் சாதாரணம். ஒன்றுக்கு உள்ள அங்கீகாரம் மற்றொன்றுக்குச் செல்லாது. பட்டியலில் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, பாடப்பிரிவின் பெயர். கணினி அறிவியலுக்கு அங்கீகாரம் இருப்பதால், அதே கட்டடத்தில் நடக்கும் ‘செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும்’ பிரிவுக்கும் அது உண்டு என்று நினைக்கக் கூடாது. குறைந்தது இரண்டு அணி மாணவர்கள் படித்து வெளியேறிய பிறகே ஒரு பாடப்பிரிவு என்பிஏவுக்கு விண்ணப்பிக்க முடியும். 2020இல் தொடங்கிய பிரிவு என்றால், இரண்டாவது அணி வெளியேறியதே 2025இல்தான். ஆகவே, அண்மையில் தொடங்கிய பிரிவுக்கு அங்கீகாரம் இல்லாதது அதன் தரக்குறைவுக்குச் சான்றாகாது. ‘இருக்கிறது’ என்று யாராவது சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது, காலவரையறை. என்பிஏ அங்கீகாரம் மூன்றாண்டுக்கோ ஆறாண்டுக்கோ வழங்கப்படுகிறது. கடிதத்தில் பெரும்பாலும் ஏதோ ஓர் ஆண்டின் ஜூன் 30 வரை என்று இருக்கும். உங்கள் படிப்போ நான்காண்டு. 2026இல் சேர்பவர் 2030இல் பட்டம் பெறுவார். சேரும்போது 2028 ஜூன் வரை செல்லும் அங்கீகாரம், அவர் பட்டம் பெறும் நாளில் உயிரோடு இராது. வெளிநாட்டு மதிப்பீடுகளில் நீங்கள் சேர்ந்த நாளின் நிலையைவிடப் பட்டம் பெற்ற காலத்தின் நிலையே எடுபடும். ஆகவே துறைத் தலைவரிடம், ‘இப்போது இருக்கிறதா’ என்று மட்டும் கேட்காமல், ‘முதன்முதலில் எப்போது பெற்றீர்கள், இடையில் விட்டுப்போன ஆண்டுகள் உண்டா, அடுத்த புதுப்பித்தல் எப்போது’ என்று கேளுங்கள். இடைவெளியின்றிப் பலமுறை புதுப்பித்த துறை, இந்த ஆண்டு புதிதாக மூன்றாண்டு பெற்ற துறையைவிட நம்பத்தக்கது என்பது என் கருத்து.

மூன்றாவதை நான் சந்தித்த ஆலோசகர்களில் ஒருவரும் சொல்லவில்லை. என்பிஏ அங்கீகாரத்தில் முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என இரண்டு வகை உண்டு. பல்கலைக்கழகங்களும், பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாங்களே வகுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளும் முதல் அடுக்கில் வருகின்றன. தன்னாட்சி இல்லாத இணைவுக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கில் வருகின்றன. 2014 ஜூன் மாதத்தில் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையின் நிரந்தர உறுப்பினரானபோது, அந்தப் பரஸ்பர ஏற்பு முதல் அடுக்குப் பாடப்பிரிவுகளுக்கு மட்டுமே கிடைத்தது. ஆக, இணைவுக் கல்லூரி ஒன்று ‘எங்கள் பட்டம் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் செல்லும், ஏனெனில் என்பிஏ இருக்கிறது’ என்று சொன்னால், அடுக்கு எது என்று கேளுங்கள். உடன்படிக்கையே இருந்தாலும் அது கல்வித்தகுதியை ஏற்பதோடு நின்றுவிடும். வேலை உரிமமோ விசாவோ அதனால் தானாக வந்துவிடாது.

5. துறைக்குள் சென்று பாருங்கள்

அங்கீகாரம் காகிதத்தில் இருக்கிறது. பாடம் நடத்துபவர் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. 2024 ஜூலையில், ஒரே ஆசிரியரின் பெயர் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்ததை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்தது நினைவிருக்கலாம். ஏஐசிடிஇ விதிப்படி இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். எனவே, கணினி அறிவியலில் எல்லா ஆண்டுகளிலும் சேர்த்து எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை ஆசிரியர்கள் என்று கேட்டு வகுத்துப் பாருங்கள். கல்லூரி இணையதளத்தில் உள்ள ஆசிரியர் பட்டியலில் நான்கைந்து பெயர்களைக் குறித்துக்கொண்டு சென்று, அவர்கள் எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று மூன்றாமாண்டு மாணவர்களிடம் விசாரியுங்கள். வேலை நாளில், மதிய உணவு வேளையில், முன்னறிவிப்பின்றிச் செல்வது நல்லது.

தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால், அண்ணா பல்கலைக்கழகம் பருவந்தோறும் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விழுக்காட்டையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் வினாத்தாளைத் தாங்களே வகுப்பதால், அவற்றின் தேர்ச்சி விழுக்காட்டை இதனோடு ஒப்பிடுவது பொருந்தாது.

6. சான்றிதழ்களைத் தேர்வு முடிவுக்கு முன்பே எடுத்து வையுங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மே மாதத்தில் வரும். அதையொட்டியே கலந்தாய்வுப் பதிவும் நடக்கும். அந்த வாரங்களில் இ-சேவை மையங்களிலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் கூட்டம் அலைமோதும். ஆகவே மார்ச் மாதத்திலேயே வேலையைத் தொடங்குங்கள். தேவைப்படுபவை: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்களுக்கு இருப்பிடச் சான்றிதழும், கல்வி உதவித்தொகை கோருபவர்களுக்கு வருமானச் சான்றிதழும் வேண்டும். குடும்பத்தில் பெற்றோர், உடன்பிறந்தோர் உட்பட எவரும் பட்டதாரி இல்லையென்றால், முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழும், அதனோடு மாணவரும் பெற்றோரும் சேர்ந்து கையொப்பமிடும் கூட்டு உறுதிமொழியும் தேவை.

வருவாய்த்துறைச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையக் கட்டணம் ரூ. 60. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என மேசை மேசையாக நகரும். எங்கே நிற்கிறது என்பதை ஒப்புகைச் சீட்டின் எண்ணைக் கொண்டு இணையத்தில் பார்க்கலாம். ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயரின் முன்னெழுத்து வேறுபட்டிருந்தால், விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். எங்கள் பையனின் ஆதாரில் தந்தை பெயர் முழுதாகவும் பள்ளிச் சான்றில் ஒரே எழுத்தாகவும் இருந்ததைத் திருத்திய பிறகே வேலை நகர்ந்தது.

7. செலவை நான்காண்டுக் கணக்காகப் போடுங்கள்

சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017இல் வகுத்த அளவின்படி, கலந்தாய்வு வழியே சேர்பவருக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் ரூ. 50,000, பாடப்பிரிவுக்கு என்பிஏ அங்கீகாரம் இருந்தால் ரூ. 55,000. நிர்வாக ஒதுக்கீட்டில் இவை முறையே ரூ. 85,000, ரூ. 87,000. உங்கள் ஆண்டுக்குரிய கட்டண ஆணையைப் பதிவுக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த அளவின்படி அங்கீகாரத்துக்காக நீங்கள் கூடுதலாகத் தருவது ஆண்டுக்கு ரூ. 5,000, நான்காண்டுக்கு ரூ. 20,000. காலாவதியான அங்கீகாரத்துக்கு இந்தத் தொகையைக் கொடுக்க வேண்டியதில்லை. அங்கீகாரம் உள்ள பிரிவுக்கான கட்டணத்தைக் கேட்டால், நடப்புக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள்.

கட்டணத்தில் கிடைக்கும் சலுகைகள் கலந்தாய்வு வழியே வருபவருக்கே உரியவை. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு ரூ. 25,000 கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ‘இடம் கிடைக்காது, இப்போதே நிர்வாக ஒதுக்கீட்டில் போட்டுவிடுங்கள்’ என்று மே மாதத்திலேயே முன்பணம் கேட்டு நச்சரிக்கும் முகவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால் இச்சலுகைகள் கைவிட்டுப் போகும். 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் கலந்தாய்வில் இருக்கும்போது அவ்வளவு அவசரம் தேவையில்லை.

கல்விக் கட்டணத்துக்கு வெளியேதான் உண்மையான செலவு ஒளிந்திருக்கிறது. பேருந்து, விடுதி, தேர்வுக் கட்டணம், வேலைவாய்ப்புப் பயிற்சி, சீருடை, மடிக்கணினி ஆகியவற்றை இரண்டாமாண்டு மாணவரின் பெற்றோர் ஒருவரிடம் கேட்டுக் கூட்டுங்கள். அலுவலகத்தில் தரும் தாளில் முழுக் கணக்கு இராது. நன்கொடை வசூலிப்பதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. எந்தப் பணத்துக்கும் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

8. விருப்பப் பட்டியலைத் தரவரிசை எண்ணைக் கொண்டு அமையுங்கள்

கணிதம் நூற்றுக்கும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கப்பட்டு, 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 90 என்றால் 92+42+45, அதாவது 179. ஆனால் சென்ற ஆண்டின் 179ஐ இந்த ஆண்டின் 179ஓடு ஒப்பிடுவது ஏமாற்றும். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் அதே மதிப்பெண் பல ஆயிரம் இடங்கள் கீழே இறங்கிவிடும். தரவரிசைப் பட்டியல் வந்த பிறகு, உங்கள் இன ஒதுக்கீட்டுத் தரவரிசையை முந்தைய ஆண்டுகளில் அந்தக் கல்லூரியில் இடம் பெற்ற கடைசி மாணவரின் தரவரிசையோடு ஒப்பிடுங்கள்.

பட்டியலில் கல்லூரிக் குறியீட்டு எண்ணும் பாடப்பிரிவுக் குறியீடும் சேர்ந்தே ஒரு விருப்பமாகும். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் அதே துறை ‘எஸ்எஸ்’ என்ற குறிப்போடு சுயநிதிப் பிரிவாகவும் இருக்கும். அதன் கட்டணம் வேறு. அங்கீகாரம் கொண்ட துறை ஒன்றும் இல்லாத துறை ஒன்றும் உங்களுக்கு ஏறத்தாழச் சமமாகத் தோன்றினால், அப்போது அங்கீகாரம் உள்ளதை மேலே வையுங்கள். வளைகுடாவை உறுதியாக நினைப்பவர்கள் மட்டும் இன்னும் ஒருபடி மேலே சென்று, சற்றுப் பின்தங்கிய கல்லூரியானாலும் தொடர் அங்கீகாரம் கொண்ட துறையை முன்னே வைக்கலாம். மற்றவர்கள் அவ்வாறு செய்வது இழப்பு.

பட்டியலை நீங்களே நிரப்புங்கள். பிரவுசிங் சென்டரில் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வராதீர்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்தவுடன், ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பதா, மறுப்பதா என்பதைக் குறித்த நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். ஏற்றுச் சேர்பவர் கல்லூரியிலும், மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பவர் கலந்தாய்வு உதவி மையத்திலும் கெடு முடிவதற்குள் கட்டணம் செலுத்த வேண்டும்; தவறினால் இடம் போய்விடும். எனவே முதலாண்டுக் கட்டணத்தை ஜூலை தொடக்கத்திலேயே வங்கியில் தயாராக வைத்திருங்கள்.

9. சேரும் நாளிலும் அதன் பிறகும்

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு), ஏஐசிடிஇ இரண்டின் விதியும்கூட. மாற்றுச் சான்றிதழ் தவிர வேறெதையும் கல்லூரியில் விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டால் அந்த விதியைச் சொல்லுங்கள். பிற்பாடு வேறிடம் கிடைத்து விலக நேர்ந்தால், கையில் அசல் இல்லாதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சேர்ந்த ஆண்டிலிருந்தே ஒரு கோப்பைத் தொடங்கி, உங்கள் பாடத்திட்டத்தின் முழு நகல், கட்டண ரசீதுகள், துறையின் என்பிஏ கடிதத்தின் நகல் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். படிப்பின் நடுவே அங்கீகாரம் புதுப்பிக்கப்பட்டால் புதிய கடிதத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். இறுதிப் பருவம் முடிந்து சான்றிதழ் வாங்கச் செல்லும் அன்றே, நீங்கள் பட்டம் பெறும் ஆண்டை உள்ளடக்கிய கடிதம் கோப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பத்தாண்டு கழித்துக் குவைத்திலோ மெல்பர்னிலோ இருந்துகொண்டு, அலுவலர்கள் மாறிவிட்ட ஒரு கல்லூரிக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பி அந்த ஒற்றைத் தாளைப் பெறுவது எளிதன்று.